விளக்குக் கிழவனைச் சாகவிடாத நீலாவதி அக்கா

ஜப்பான்காரன் புத்திசாலி என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கைப்பெட்டி விளையாட்டின் இரண்டாம் பாகத்தைச் செய்து முடித்ததும் அவன் விமானம் ஏறி நேராக எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் மூன்றாவது லயத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நீலாவதி அக்கா முன்னால் கைகட்டி நின்று, "இது சரியா இருக்குதாம்மா?" என்று கேட்டிருக்க வேண்டும். உலகத்தில் அந்த விளையாட்டை முழுசாகப் புரிந்துகொண்ட மனிதப் பிறவி அவர் ஒருவர்தான். அமெரிக்காவில் இன்னொருவர் இருப்பதாகச் சொன்னார்கள். விசாரித்ததில் அவரும் ஏழாவது மாடியோடு நின்றுவிட்டாராம்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயது முப்பத்திரண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் சலித்துக் கொட்டிய தூளில் குச்சி பொறுக்கும் வேலை. பதினைந்து வயதில் கொழுந்து பறிக்கப் போனவர், ஒரு மழைநாளில் கூடையோடு சரிவில் சறுக்கி முட்டி விலகியதால் உள்வேலைக்கு மாற்றப்பட்டார். அம்மா இறந்தபோது தம்பி முனியாண்டி பால்பல் விழாத பையன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமைத்தது, அடித்தது, பள்ளிக்குத் துரத்தியது எல்லாம் அக்காதான். குழாயடியில் யார் முதலில் குடம் வைப்பது என்பதிலிருந்து கோயில் பொங்கலுக்கு எத்தனை அச்சு வெல்லம் போடுவது என்பது வரை அவரிடம் கருத்து உண்டு. கேட்காவிட்டாலும் உண்டு. நான் பக்கத்து வீடு என்பதால் எனக்கு எப்போதும் இரண்டு பங்கு கிடைக்கும்.

மூன்றாம் படிவத்தில் பள்ளிக்கூடமும் நானும் ஒத்துவராமல் பிரிந்தபோதும் அக்கா கருத்துச் சொன்னார். "படிப்பு வராதவனுக்கு முதுகு வரணும். காளியண்ணன் லோரியில கோசு ஏத்தப் போ" என்றார். அப்படித்தான் நான் லெம்பா பெர்த்தாம் முட்டைக்கோசுத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இனி விளையாட்டு. சோப்புப்பெட்டி அளவுதான் இருக்கும். சாம்பல் நிறத் திரையில் வாள் பிடித்த ஒரு சின்ன ஆள். கோட்டைக்குள் மாடி மாடியாக ஏறி உச்சியில், எட்டாவது மாடியில் இருக்கும் பாம்பைக் கொல்ல வேண்டும். முதல் பாகத்தை முனியாண்டி முன்பே வாங்கி வந்திருந்தான். அது லயம் முழுக்கச் சுற்றி, பொத்தானெல்லாம் தேய்ந்து, கடைசியில் வேலம்மா அக்காவின் கைக்குழந்தை அதைச் சப்பிச் சப்பியே முடித்துவைத்தது.

இரண்டாம் பாகம் வேறு மாதிரி. அதில் வீரனுக்குப் பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு ஒரு கூன் விழுந்த ஆளும் வருவான். நாங்கள் அவனைக் கிழவன் என்போம். கிழவன் மெதுவாக நடப்பான். அவனுக்கும் ரொட்டி கொடுக்க வேண்டும். அவன் செத்தால் செத்ததுதான், திரும்ப வரமாட்டான். வீரன் மேலே போகலாம், ஆனால் இருட்டில் தடவிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதில் எங்கள் லயம் இரண்டாகப் பிரிந்தது.

"மொத பாகத்துல வெட்டு வெட்டுன்னு வெட்டிக்கிட்டே போலாம்" என்றார் லோரி ஓட்டும் காளியண்ணன். "இதுல ஒருத்தன இழுத்துக்கிட்டுப் போகணுமா? நான் என்ன ஆம்புலன்சா ஓட்டுறேன்?"

"பொழுதுக்கும் பசிக்குது பசிக்குதுன்னு பொட்டி கத்துது" என்றார் வேலம்மா அக்கா. "வீட்டுல கத்துற நாலு வாய் பத்தாதா? கெழவன் செத்தா நிம்மதி லா."

நீலாவதி அக்கா மட்டும் இரண்டாவதுதான் உயர்ந்தது என்றார். "ஒத்தையா ஓடுறதுக்குப் பேரு ஓட்டம். கெழவனையும் கூட்டிக்கிட்டு மேல போறவன்தான் ஆளு. பிடிக்காதவங்க போய்ப் பழசையே சப்புங்க."

அக்கா இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அப்போது எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

அக்காவின் அப்பா செல்லையா பெரியப்பா, தோட்டத்தை நடத்தும் துரையிடம் மூன்று தடவை கெஞ்சி மகனுக்குத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் வேலை வாங்கி வைத்திருந்தார். வேலைக்குச் சேர வேண்டிய காலையில் முனியாண்டி சிங்கப்பூர் பஸ்ஸில் இருந்தான். பெரியப்பா துரை வீட்டு வாசலில் தனியாகப் போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் முனியாண்டி என்ற பெயர் கிடையாது. 'அவன்' என்று கூடச் சொல்வதில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன தீபாவளிக்கு முனியாண்டி தானா ராத்தா டவுன் வரை வந்தான். நண்பன் வீட்டில் தங்கினான், லயத்துக்கு வரவில்லை. அக்கா பலகாரம் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். பையைத் தூக்கியது நான். அங்கேதான் அவன் இரண்டாம் பாகத்தை எடுத்துக் காட்டினான். அக்காவும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்து, முறுக்குத் தூள் திரையில் விழ விழ, இரண்டு மாடி ஏறினார்கள். பஸ் வந்ததும் அக்கா பெட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எட்டாவது மாடிக் கதவு வரைக்கும் நான் கொண்டு போய் நிறுத்துறேன். பாம்ப நீ வந்து கொல்லு. வீட்டுக்கு வந்து கொல்லு, பஸ் ஸ்டாண்டுல இல்ல."

"அப்பா இருப்பாரேக்கா."

"அது அவரு வீடு. வேற எங்க இருப்பாரு?"

முனியாண்டி பஸ் சக்கரத்தைக் காலால் தட்டினான். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி. பொங்கலுக்கு முந்தின சனிக்கெழம வரேன். கெழவன் உசுரோட இருந்தா" என்றான்.

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அக்கா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பேட்டரி உள்ளே இருக்கும்வரை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் மறந்துபோய் முதல் மாடியில் போய் நிற்கும். அக்கா மார்கழி பிறந்ததுமே எட்டாவது மாடிக் கதவுக்கு வந்துவிட்டார். கிழவனும் உயிரோடு வந்துவிட்டான். அப்போதுதான் திரையின் மூலையில் பேட்டரி அடையாளம் சிமிட்ட ஆரம்பித்தது.

புதுப் பேட்டரி தானா ராத்தா கடிகாரக் கடையில் கிடைக்கும். கிடைத்து என்ன செய்வது, பழையதைக் கழற்ற முடியாதே. அதனால் அக்கா பெட்டியை யாரையும் தொடவிடவில்லை. மூடுபனி இறங்கினால் திரை மங்கிவிடும் என்று அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, இடுப்பில் செருகி, மேலே சுவெட்டர் போட்டுக்கொண்டார். காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். "இருக்கான்" என்பார். அவ்வளவுதான். வேலம்மா அக்கா கூடக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டு, "இருக்கானா?" என்று கேட்கத் தொடங்கினார்.

சனிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூரிலிருந்து யாரோ பெரியவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். இடுப்பில், மடியில் எதுவும் இருக்கக்கூடாது என்று கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார். அக்கா காலுறையை அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

நான் அன்று லோரிக்குப் போகவில்லை. என் மனதில் ஒரு நல்ல திட்டம் இருந்தது. காலுறைக்குள் இருக்கும் பெட்டியை எடுத்துவிட்டு ஒரு சோப்புப்பெட்டியை வைப்பது. சாயங்காலம் அக்கா கைவிட்டுப் பார்க்கும்போது அந்த முகத்தைப் பார்ப்பது. பிறகு கொடுத்துவிடுவது. சோப்புப்பெட்டியோடு பின்வாசல் வழியாக நுழைந்தேன்.

பெரியப்பா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். தணிந்த நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு செங்கல். செங்கல் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பளபளவென்று இரண்டு. அவற்றை ஒரு குச்சியால் அப்பளம் திருப்புவது போலத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெட்டி, முதுகு திறந்து கிடந்தது.

"என்ன பெரியப்பா பண்றீங்க?"

"சத்தம் போடாத. காயுது" என்றார். "ரேடியோ பேட்டரி எறங்கினா இப்படித்தான வைப்போம். வெயிலா அடிக்குது நம்ம மலையில? அடுப்புச் சூடு பட்டா ரெண்டு மூணு நாளு சேத்து இழுக்கும். காலையில புள்ள சொல்லிட்டுப் போச்சு, பேட்டரி பத்தல, தொடாதீங்க, சனிக்கெழம வரைக்கும் நிக்கணும்னு. அவன் வர்ற நேரத்துல நின்னு போச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

'அவன்' என்றார். குச்சியை அடுப்புக்குள் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல்.

எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். டார்ச் லைட் பேட்டரி, ரேடியோ பேட்டரி எல்லாம் அடுப்போரம் வரிசையாக வெதுவெதுப்பில் கிடக்கும். நானே செய்திருக்கிறேன். யாரைக் குறை சொல்வது?

"குடுங்க பெரியப்பா, நான் போட்டுத் தரேன்" என்றேன். விரல் சுட்டது. போட்டேன். திரை தெளிவாக வந்தது. வீரன் நின்றான். பின்னால் கிழவன், விளக்கு நிறைய எண்ணெயோடு. முதல் மாடி வாசலில்.

பெரியப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பாத்தியா. ஆளு நிக்கிறான், வெளக்கு எரியுது. காய வச்சதும் எப்படிப் பளிச்சுனு இருக்கு."

"ஆமா பெரியப்பா" என்றேன்.

யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொன்னால் அக்காவின் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவிடம் சொன்னால், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். முனியாண்டி கேள்விப்பட்டால் அப்பா வேண்டுமென்றே பிடுங்கிப் போட்டார் என்றுதான் நினைப்பான். பஸ் நிலையத்தோடு திரும்பிவிடுவான். மூன்று பேரில் ஒருவரிடம் சொன்னாலும் மற்ற இருவருக்கும் போய்விடும், லயத்துச் சுவர் வெறும் பலகை.

காலுறைக்குள் சோப்புப்பெட்டியை வைத்தேன். விளையாட்டுப் பெட்டியை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கடிகாரக் கடைக்கு ஓடினேன்.

சாயங்காலம் அக்காவின் குரல் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்தது. "டேய் ஆண்டி. ஆண்டியப்பா. எங்கடா அது?"

கூப்பிட்டது என்னைத்தான். வடிகால் திட்டில் உட்கார்ந்திருந்தேன். "நல்ல சூடான எடத்துல இருக்குக்கா. சனிக்கெழம தரேன்."

"இப்பவே குடு."

"இப்பவே குடுத்தா அதுல என்னக்கா வெளையாட்டு இருக்கு?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். பெரியப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த நொடி அக்காவின் கையில் விளக்குமாறு இருந்தது. என்னைக் குழாயடியை மூன்று சுற்று ஓடவிட்டார். வேலம்மா அக்கா குறுக்கே காலை நீட்டி உதவினார். "பொங்கல் நேரத்துல இவனுக்கு என்ன கொழுப்பு பாரு லா" என்று லயமே சொன்னது. என் அம்மா அன்று எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றவில்லை.

மறுநாளிலிருந்து லோரிதான் என் கோட்டை. காளியண்ணன் என்னை மூட்டை தூக்கச் சொல்லவில்லை. "முதுகு வலிக்குதுன்னு மூஞ்சி சொல்லுது, உள்ள குந்து" என்றார். எனக்கு முதுகு வலிக்கவே இல்லை. ஆனாலும் குந்தினேன். பெர்த்தாமிலிருந்து பிரிஞ்சாங் சந்தை வரை வளைவு வளைவாக ஏறும்போது மடியில் பெட்டியை வைத்து அழுத்தினேன். வழி எனக்குத் தெரியும், அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான். ஆனால் அக்கா தீபாவளியிலிருந்து பொறுமையாக ஏறிய மாடிகளை நான் சனிக்கிழமைக்குள் ஏற வேண்டும்.

வியாழக்கிழமை ஐந்தாவது மாடியில் லோரி ஒரு பள்ளத்தில் இறங்கியது. விரல் நழுவி வீரன் இடது பக்கம் திரும்பிவிட்டான். வௌவால் வந்தது. கிழவனின் விளக்கு அணைந்தது.

"என்னா ஆச்சு?" என்றார் காளியண்ணன்.

"கெழவன் போயிட்டான்."

"போனாப் போறான் லா. இப்பத்தான் ஓடுறதுக்குத் தோதா இருக்கும். அப்படியே மேல போ, யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

போகலாம்தான். இருட்டில் தடவிக்கொண்டு சனிக்கிழமைக்குள் கதவைத் தொட்டுவிடலாம். வெற்றிலை மெல்லும் காளியண்ணனின் தாடையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். முனியாண்டி திரையைப் பார்க்கும்போது வீரன் மட்டும் நிற்பான். கிழவன் உயிரோடு இருந்தால் வரேன் என்றவன் அவன்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். முதல் மாடி.

வெள்ளிக்கிழமை எனக்கு வலது கை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது, கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை காலை ஏழாவது மாடி. லோரி லயத்து முனையில் நின்றது. கோயில் பக்கம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மேல் ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"வந்துட்டான்" என்றார் காளியண்ணன், கண்ணாடியில் பார்த்து. "நீல சட்ட. துணிப்பெட்டி ஒண்ணு கையில. நிக்கிறான். நடக்கிறான். மறுபடி நிக்கிறான்."

"சும்மா இருங்கண்ணே."

கடைசிப் படிக்கட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ரொட்டி மிச்சம். வீரனுக்கும் உயிர் ஒரு கோடு, கிழவனுக்கும் ஒரு கோடு. படிக்கட்டில் யாரை எது அடிக்கும் என்று சொல்ல முடியாது. கிழவனுக்குக் கொடுத்தேன். ஏறினேன். மேலிருந்து கல் விழுந்தது, வீரனுக்கு ஒரு அங்குலம் தள்ளி. கதவு. கதவுக்கு முன்னால் இரண்டு பேரும்.

லோரியிலிருந்து குதித்துப் பின்பக்கமாக ஓடினேன். அக்கா குழாயடியில் நின்றிருந்தார். "இந்தாங்க உங்க சாமான்" என்று நீட்டினேன். அக்கா வாங்கித் திரையைப் பார்த்தார். "திருட்டு நாயி" என்று லயம் கேட்கும்படி சொல்லி, தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். தட்டு வலிக்கவில்லை.

முனியாண்டி வாசலில் வந்து நின்றான். பெரியப்பா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அக்கா தம்பியின் கையில் பெட்டியைத் திணித்து, பெஞ்சில் அழுத்தி உட்கார வைத்தார். நான் ஜன்னலுக்கு வெளியே.

முனியாண்டி திரையைப் பார்த்தான். "கெழவன் இருக்கான்" என்றான்.

பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது.

"பேட்டரி நிக்குதா?" என்றார் பெரியப்பா, அடுப்பிடம்.

"நிக்குதுப்பா."

"எறங்கிப் போயிருந்துச்சு. நான்தான் கழட்டி அடுப்போரம் காய வச்சேன்."

முனியாண்டியின் விரல் நின்றது. கழற்றினால் என்ன ஆகும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும். அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்கா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அவன் மறுபடி திரையைப் பார்த்தான். அப்பாவின் முதுகைப் பார்த்தான்.

"அதான் பளிச்சுனு தெரியுது" என்றான். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். "இங்க வந்து பாருங்கப்பா, அங்கேருந்து தெரியாது."

பெரியப்பா எழுந்திரிக்க நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் எழுந்தார்.

நான் மெதுவாக நழுவி என் வீட்டுப் பக்கம் திரும்பினேன். பின்வாசல் வழியாக வந்து குழாயடியில் அக்கா வழிமறித்தார்.

"கையக் காட்டு."

இடது கையை நீட்டினேன்.

"அந்தக் கை இல்ல."

வலது கட்டைவிரலில் தோல் உரிந்து, பொத்தானின் நாலு முனையும் சிவப்பாக அப்படியே பதிந்திருந்தது.

"இது என்னா?"

"கோசு மூட்ட தூக்கினதுக்கா."

"உங்க பெர்த்தாம்ல கோசுக்கெல்லாம் பட்டன் வச்சு வளக்குறாங்களோ?"

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா அதற்கு நேரம் தரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"செவ்வாக்கெழம நான் செருப்பக் கழட்டுறதுக்குள்ள அப்பா சொல்லிட்டாருடா. பேட்டரிய காய வச்சேன், ஆண்டிதான் திருப்பிப் போட்டுக் குடுத்தான்னு."

"அப்புறம் எதுக்கு வெளக்கமாத்தால அடிச்சீங்க?"

"அடிக்காம விட்டிருந்தா அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும்ல. ஒன்ன மூட்ட தூக்க விடாதீங்கன்னு காளியண்ணன்கிட்ட வேற போய் நிக்க வேண்டியதாப் போச்சு." உரிந்த தோலை ஊதினார். பிறகு என் விரலை விடாமல், ஏதோ பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்தவர் போல முகத்தைச் சுளித்தார். "ஆனா ஒண்ணு சொல்லு. அஞ்சாவது மாடியில கெழவன சாகக் குடுத்தியாமே. அங்க போய் யாராவது எடது பக்கம் திரும்புவாங்களாடா?"